பதினாறு நீச்சலுடைகள்

பிரிக்பீல்ட்ஸ்,
14.6.1987

அலமேலு,

'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை. நேற்று உன் கடைக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்றாவது தடவை உன் வீட்டுக்காரர் சோலையப்பன் எடுத்து, வியாபார நேரத்தில் சண்டை வேண்டாம், எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். சரி, எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு முன் கிள்ளான் கான்வென்டில் ஒரே வாங்கில் உட்கார்ந்த பழக்கத்துக்காகத்தான் இந்த வேலையை உன்னிடம் கொடுத்தேன். எனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

நீ தைத்து அனுப்பிய பதினாறு நீச்சலுடைகளையும் நேற்றுத்தான் என் நீச்சல் வகுப்புப் பிள்ளைகள் முதல் தடவையாகப் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்கினார்கள். சுத்தப் பருத்தி, குழந்தைத் தோலுக்கு அதைவிட நல்லது இல்லை என்று அளந்தாயே, அந்தக் கண்டறியாத பருத்தி பத்து நிமிடத்தில் குளத்துத் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டது. தோள்பட்டை முழங்கைக்கு இறங்கிவிட்டது. அடக்கமாக இருக்கட்டும் என்று இடுப்பைச் சுற்றி ஒரு குட்டிப் பாவாடை வைத்திருந்தாய். அது மிதந்து மேலே வந்து தனலெட்சுமியின் முகத்தை மூடிவிட்டது. நிறமோ கடும் நீலம். குளத்தின் அடியில் பதித்த ஓடுகளும் நீலம். கரையில் நின்ற எனக்குப் பிள்ளை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. எண்ணிப் பார்த்தால் பதினைந்து தலைதான் இருந்தது. கைக்கடிகாரத்தோடு குதித்துத் தனலெட்சுமியைத் தூக்கி வந்தேன்.

தனலெட்சுமியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் இராஜம்மாவின் மகள், பத்து வயது. அவளுடைய அண்ணன் பாலன் இரண்டு வருடத்துக்கு முன் ஸ்ரீ கெம்பாங்கானில் உறவுக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில், ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டையில் முழுகிச் செத்தான். இந்தப் பெண்ணாவது நீந்தக் கற்றுக்கொள்ளட்டும் என்று நான் ஒரு வருடம் இராஜம்மா வீட்டுக்கு நடையாய் நடந்துதான் அவள் அனுப்பச் சம்மதித்தாள். நேற்று அவள் கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பிள்ளையை நிறுத்திவிடுவாள். அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

பதினாறையும் திருப்பி அனுப்புகிறேன்.

இராசேஸ்வரி


கிள்ளான்,
18.6.1987

அன்புள்ள இராசேஸ்வரி,

எனக்கு மனம் வருகிறது, அதனால் 'அன்புள்ள' போட்டிருக்கிறேன்.

பார்சல் வந்தது. ஈரத்தோடு கட்டியிருக்கிறாய். பிரித்ததும் கடை முழுக்கக் குளத்து மருந்து வாடை. கல்யாணப் பட்டு பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் முதல் விஷயம். ஆனால் பழி முழுவதையும் என் தலையில் கட்டாதே. பாவாடை வைக்கச் சொன்னது யார்? உன் பிள்ளைகளின் அம்மாமார் ஐந்து பேர் ஒன்றாக பஸ் ஏறிக் கடைக்கு வந்து, தொடை தெரியக்கூடாது, இடுப்பு தெரியக்கூடாது என்று என் உயிரை வாங்கினார்கள். நீலமும் அவர்கள் கேட்டதுதான், அழுக்குத் தெரியாதாம். நான் துணி விற்கிறவள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள் நீ. தண்ணீருக்குள் போனால் துணி என்ன பாடுபடும் என்று எனக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? 'பிள்ளைகளுக்கு நல்ல துணியாக அனுப்பு' என்று ஒரே வரி எழுதினாய். அரசாங்க ஆபீஸில் எழுதித் தள்ளுகிற கிராணியம்மாவுக்கு அதுவே பெரிய கடிதம் போலிருக்கிறது.

நான் கடைசியாகத் தண்ணீரில் இறங்கியது மோரிப் கடற்கரையில். அதுவும் முழங்கால் வரை, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எனக்கு என்ன தெரியும்? என்ன வேண்டும் என்று ஒழுங்காக எழுது, செய்கிறேன்.

அலமேலு


பிரிக்பீல்ட்ஸ்,
21.6.1987

அலமேலு,

ஒழுங்காக எழுதுகிறேன். நீ ஒழுங்காகப் படி.

துணி தண்ணீர் குடிக்கக்கூடாது. உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் பிள்ளை மூச்சு வாங்கும்போது இறுக்கக்கூடாது. நனைந்த பிறகு உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது. அம்மாமார் பயந்தது அதற்குத்தான், அந்தப் பயத்தில் தப்பில்லை. பாவாடை, நாடா, பின்னால் கட்டும் கயிறு, கொக்கி, பொத்தான் எதுவும் வேண்டாம். நீலம் வேண்டவே வேண்டாம். கரையில் நிற்கிறவளுக்கு அடியில் கிடக்கும் பிள்ளை பளிச்சென்று தெரிய வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பிள்ளைகளின் வீட்டில் வருடத்துக்கு ஒன்று வாங்கித் தர மாட்டார்கள். அக்கா போட்டதைத் தங்கை போட வேண்டும், அவளுக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை. மூன்று மாதத்தில் இளகித் தொங்கிக் குப்பைக்குப் போகிற துணி எனக்கு எதற்கு? தோலில் படுகிற உள்துணியில் சாயமே இருக்கக்கூடாது. போன வருடம் ஒரு பிள்ளைக்குக் கடையில் வாங்கிய சிவப்பு நீச்சலுடையால் இடுப்பு முழுக்கத் தடித்துப்போனது.

குளத்துத் தண்ணீர் ஒரு ஜாடி நிறைய, ஆபீஸிலிருந்து கிள்ளானுக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உன் துணிகளை அதில் ஊறப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசு. அதுவரை பிள்ளைகள் பழைய டி-சட்டையோடு படியில் உட்கார்ந்து காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது வாரமும் இப்படிப் போனால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், அதில் முதல் ஆள் யார் என்று உனக்குத் தெரியும்.

இராசேஸ்வரி


கிள்ளான்,
6.7.1987

அன்புள்ள இராசேஸ்வரி,

உன் குளத்துத் தண்ணீர் என் வீட்டுப் பின்கட்டில் மூன்று வாளியாகப் பதினைந்து நாள் இருந்தது. அதில் ஒன்றில் உன் சோலையப்பன் அண்ணன் கால் கழுவிவிட்டு, ஏன் எரிகிறது என்று என்னைக் கேட்டார். இனி அவர் உன் போனை எடுத்தால் இன்னும் நன்றாகப் பேசுவார்.

பருத்தி நீ சொன்னபடியே மானத்தை வாங்கியது. சாயமும் வெளுத்தது, உருவமும் போயிற்று. அடுத்து நைலானில் நீளும் நூல் கலந்தது. கையில் எடுத்தால் அழகாக இருந்தது, நானே மயங்கிவிட்டேன். எட்டாம் நாள் இழுத்தேன், இழுத்தபடியே நின்றுவிட்டது, திரும்பிச் சுருங்கவில்லை. நனைத்து டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் என் உள்ளங்கை ரேகை தெரிந்தது. மூன்றாவது, தைவானிலிருந்து வந்த பாலியெஸ்டர் பின்னல். தொட்டால் கொஞ்சம் முரடு. இத்தனை நாளாக விற்காமல் மேல் தட்டில் கிடந்தது. அது மட்டும் ஊறப் போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஈரத் துணியை வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்தேன், ஒரு பொட்டுச் சாயம் ஒட்டவில்லை. நாலு பிள்ளை மாற்றிப் போடலாம், துணி ஆயுசு கெட்டி.

நிறம் ஆரஞ்சு. உள்ளே சாயமே போடாத வெள்ளை லைனிங். பாவாடை இல்லை, கயிறு இல்லை. அம்மாமாருக்காகக் கால் பகுதியைப் பாதித் தொடை வரை இறக்கியிருக்கிறேன், உடம்போடு ஒட்டி நிற்கும், மிதக்காது. ஐந்து பேரையும் நீயே சமாளித்துக்கொள். இந்த மாதம் 25ஆம் தேதிக்குள், புதுத் துணிக்குச் செய்ய வேண்டியதைச் செய்து கட்டி அனுப்புகிறேன்.

ஒரு நன்றி எழுதினால் உன் பேனா தேய்ந்துவிடாது.

அலமேலு


பிரிக்பீல்ட்ஸ்,
5.8.1987

அலமேலு,

நன்றி எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். சனிக்கிழமை காலையில் பதினாறு ஆரஞ்சு நிறமும் தண்ணீரில் இறங்கியபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூலைக்கு மூலை தெரிந்தார்கள். தனலெட்சுமி கையை விட்டுவிட்டு ஐந்தாறு அடி தானே மிதந்தாள்.

அன்று சாயங்காலமே குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்துவிட்டது. நாலு வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். துவைக்கும்போது உன் துணி சிவப்பாகச் சாயம் விடுகிறதாம். சாயமே இல்லாத லைனிங் என்று எத்தனை தடவை சொன்னாய்! கைக்குட்டையில் தேய்த்தாயாம், டியூப் லைட்டுக்குப் பிடித்தாயாம். பிள்ளைகளின் தோலுக்கு இப்போது நான் யாரிடம் பதில் சொல்வது?

இதற்கு நடுவில் இன்னொரு இடி. தனலெட்சுமி வயசுக்கு வந்துவிட்டாளாம். அன்று சாயங்காலம் துணியைத் துவைத்தபோது இராஜம்மா பார்த்திருக்கிறாள். விளக்கு வைப்பதற்குள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் போர்ட் கிள்ளானிலிருந்து தாய்மாமன் சீர் எல்லாம் வாங்கிக்கொண்டு லோரியிலேயே வந்து இறங்கினார். ஆடி கழிந்து 23ஆம் தேதி ஞாயிறு சடங்கு, வாசலில் பந்தல். நீச்சலுக்கு இனி அனுப்ப மாட்டேன் என்று இராஜம்மா சொல்லிவிட்டாள். பிள்ளை என்னைப் பார்த்ததும் அழுதது, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பெண்கள் அதை உள்ளே அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் நடந்த நடை எல்லாம் வீண். எனக்கு விசர் பிடிக்கிறது.

நீ முதலில் சாயத்துக்குப் பதில் சொல்.

இராசேஸ்வரி


கிள்ளான்,
8.8.1987

இராசேஸ்வரி,

இந்தத் தடவை எனக்கும் 'அன்புள்ள' போட மனம் வரவில்லை.

துணி ஆரஞ்சு, லைனிங் வெள்ளை, நூலும் வெள்ளை. சிவப்பு எங்கிருந்து வரும்? உன் கடிதத்தைப் பார்த்ததும் மீதித் துணியை எடுத்துச் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இருபத்தைந்து வருடத் துணிக்கடைக்காரியைப் பார்த்துச் சாயம் என்கிறாய். உன் பிரிக்பீல்ட்ஸ் பெண்கள் எதோடு சேர்த்து ஊற வைத்தார்களோ, அதைக் கேள்.

கறை எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, காய்ந்த பிறகு என்ன ஆகிறது என்று பார்த்து எழுது. பார்க்காமல் எழுதாதே.

தனலெட்சுமி விஷயம் கேட்டு எனக்கும் வருத்தம்தான்.

அலமேலு


பிரிக்பீல்ட்ஸ்,
11.8.1987

அலமேலு,

நாலு வீட்டிலும் போய்ப் பார்த்தேன். ஊற வைத்தது தனித்தனியாகத்தான், எல்லாரும் போடுவது ஒரே கட்டிச் சோப்பு. கறை உள்பக்கம் லைனிங்கில், இடது கால் தையலுக்குப் பக்கத்தில், பத்து காசு அளவு. நாலிலும் ஒரே இடம். சோப்புப் பட்டதும் சிவப்பாகிப் பரவுகிறது, அலசிக் காயப் போட்டால் மங்கி மஞ்சளாக நிற்கிறது. இது எந்த ஊர்ச் சாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

இராஜம்மா வீட்டுக்கும் போனேன். அவள் அந்த நீச்சலுடையைத் தனியாகச் சுருட்டி வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்றாள். அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. இவள் எப்போது பார்த்தாலும் பிள்ளையைத் தண்ணீருக்கு இழுக்க வருகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி என் காது கேட்கவே சொன்னாள்.

இராசேஸ்வரி


கிள்ளான்,
14.8.1987

அன்புள்ள இராசேஸ்வரி,

உன் கடிதத்தைக் கல்லாவில் நின்றபடி படித்தேன். படித்து முடித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

அது சாயம் இல்லை. மஞ்சள். நான் தடவிய மஞ்சள்.

பிள்ளைகளுக்கான புதுத்துணி எதுவும் என் கடையிலிருந்து மஞ்சள் வைக்காமல் வெளியே போகாது. தைத்து முடித்ததும் மஞ்சளைக் குழைத்து ஓரத்தில் ஒரு பொட்டு. அதை வேலையாட்களிடம்கூட விடமாட்டேன், என் கையாலேயே வைப்பேன். வெளியே பட்டால் நீ கத்துவாய் என்று பதினாறிலும் உள்பக்கமாக, கால் தையலுக்குப் பக்கத்தில் வைத்தேன். முதலில் தைத்த நீலத்திலும் வைத்தேன், அதில் யாருக்கும் தெரியவில்லை. வெள்ளை லைனிங்கில் சோப்புப் பட்டதும் சிவந்துவிட்டது. நீயும் நானும் வருடத்தில் எத்தனை தடவை ஆரத்தி கரைக்கிறோம்? மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ரத்தச் சிவப்பாகும் என்று தெரியாத தமிழச்சி உண்டா? கட்டிச் சோப்பின் காரமும் அதே வேலையைத்தான் செய்யும். பதினாறு வீட்டில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சாயத்துக்கு இத்தனை சோதனை செய்தவள் கடைசியில் என் கையாலேயே கறை வைத்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அவ்வளவு எரிச்சல்.

தனலெட்சுமி சொன்னது உண்மை, இராசேஸ்வரி. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்தல் போடப் போகிறார்கள், மாமன் சீர் வாங்கிவிட்டார் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். நீ போய் இராஜம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிடேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அலமேலு


பிரிக்பீல்ட்ஸ்,
16.8.1987

அலமேலு,

மஞ்சள் வைத்தது உன் கை. சொல்ல வேண்டியது உன் வாய்.

நான் போய்ச் சொன்னால், பிள்ளையைத் தண்ணீருக்கு இழுக்க இவள் கட்டிய கதை என்பார்கள். நீ கடைக்காரி, வயதில் மூத்தவள் மாதிரி நடிக்கத் தெரிந்தவள், உன்னைத்தான் நம்புவார்கள். 23ஆம் தேதிக்குள் வா. வராவிட்டால் நடக்காத ஒன்றுக்கு அந்தப் பிள்ளையை மணையில் உட்கார வைத்து ஊரே பார்க்கும். அதற்குப் பிறகு அவள் வாழ்நாளில் குளத்துப் பக்கம் வர மாட்டாள்.

நாலு வீட்டுக்கும் சாயம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உன்னைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இராசேஸ்வரி


கிள்ளான்,
20.8.1987

அன்புள்ள இராசேஸ்வரி,

நேற்று போனேன். திரும்புகிற வழியில் உன் வீட்டுக்கு வராமல் பஸ் ஏறிவிட்டேன். பேசினால் அழுதிருப்பேன், அதனால் எழுதுகிறேன்.

கையோடு மீதி லைனிங், மஞ்சள், கட்டிச் சோப்பு எல்லாம் கொண்டு போனேன். இராஜம்மா வீட்டுக் குழாயடியில் அவள் கண் முன்னாலேயே மஞ்சளைத் தடவிச் சோப்பைப் போட்டேன். துணி சிவந்தது. அவள் திடுக்கிடுவாள், என்னைக் கண்டபடி ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் துணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு மறுநாளே தெரியும் ஆச்சி. புள்ள அழுதுகிட்டே சொன்னுச்சு, ஒன்னும் இல்லம்மான்னு. நாந்தான் காதுல விழாத மாதிரி இருந்துட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"சடங்கு சுத்திட்டா தண்ணிக்கு அனுப்புன்னு யாரும் கேக்க மாட்டாங்க லா. டீச்சரும் கேக்க முடியாது. ஒவ்வொரு சனிக்கெழமையும் கரையில நின்னு தலைய எண்ணி எண்ணி நான் செத்துப் பொழைக்கிறேன் ஆச்சி. பாலன் போனப்ப நான் கரையில கூட இல்ல."

பருத்தி, நைலான், பாலியெஸ்டர் என்று மாதக்கணக்கில் சண்டை போட்டோமே நாம் இரண்டு பேரும், எந்தத் துணியைத் தைத்தால் இவள் பயம் தீரும்? அவள் மேல் இரக்கம் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அப்படியென்றால் கரையில் நிற்காதே, நீயும் தண்ணீரில் இறங்கு என்று கத்திவிட்டேன். குழாயடியே திரும்பிப் பார்த்தது.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த உடம்புக்கு யார் தைத்துத் தருவார்கள் என்றாள். நான் தைக்கிறேன் என்றேன். என் கைப்பையில் அளவு நாடா எப்போதும் இருக்கும். எடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, அளவெடுக்கக் கையைத் தூக்கி நின்றாள்.

சடங்கு வேலையாக வந்திருந்த மாமனிடமும் நானே சொன்னேன். மனிதர் லோரிப் படியில் உட்கார்ந்து சிரித்துவிட்டார். என்றைக்காவது ஒரு நாள் வேண்டியதுதானே, சீர் பெட்டியில் இருக்கட்டும், பந்தல்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர்.

28ஆம் தேதி இராஜம்மாவின் துணி உன் கைக்கு வரும். அதே பாலியெஸ்டர், லைனிங் இரண்டு மடங்கு.

அலமேலு


பிரிக்பீல்ட்ஸ்,
30.8.1987

அன்புள்ள அலமேலு,

நேற்று நடந்ததை உடனே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இராஜம்மா வந்தாள். குளத்துப் படிவரை சரோங்கை அவிழ்க்கவில்லை. அம்மாமார் நாலு பேர் அவள் கூசக்கூடாது என்று அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மெல்ல இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரமும் விடவில்லை. மூச்சு விடு என்று பக்கத்தில் நின்று நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. என் பொறுமை உனக்குத் தெரியும், இரண்டு தடவை அதட்டிவிட்டேன்.

கடைசியில் தனலெட்சுமி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் குறுக்கே நீந்திக் காட்டுகிறேன் என்றாள். ஒரு மாதம் விட்டுப்போன பிள்ளை, வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. பாதி வழியில் தண்ணீரைக் குடித்து இருமினாள். கையும் காலும் தாறுமாறாக அடித்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். நான் பாயத் தயாரானேன். இராஜம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பி வா என்று அலறப் போகிறாள், பிள்ளையும் திரும்பிவிடும், எல்லாம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"போ" என்றாள் இராஜம்மா. குரல் பாதிதான் வந்தது. மறுபடியும் சொன்னாள். "போம்மா, போ."

பிள்ளை போய் அந்தக் கரையைத் தொட்டது.

இராசேஸ்வரி